என் மனைவியின் துவக்குக்கு ஒரு ஸ்கின்னே

என் மனைவி ஐம்பது வயதுக்குப் பிறகு வேட்டைக்காரி ஆனாள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகின்றன. டென்மார்க்கின் வைலே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். வெள்ளிக்கிழமை என்றால் முட்டை கூடத் தொடமாட்டாள். குளியலறையில் சிலந்தி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். அவளோடு வேலை செய்யும் டேனிஷ்காரி ஒருத்தி, ஓர் இலையுதிர் காலத்தில் தங்கள் குடும்பக் காட்டுக்கு மான் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். பார்க்கப் போனவள் பார்த்துவிட்டுப் பேசாமல் வரவேண்டியதுதானே. வந்தவள் அடுத்த மாதமே வேட்டை அனுமதி வகுப்பில் சேர்ந்தாள். டேனிஷ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். எழுத்துச் சோதனையிலும் தேறினாள், துவக்குச் சோதனையிலும் தேறினாள். யோகாவுக்குப் போய் இடையில் விட்டவள், நீச்சலுக்குப் போய் இடையில் விட்டவள், இதையும் விடுவாள் என்று நான் இருந்தேன்.

விடவில்லை. வேட்டையை நிறுத்திவிட்ட ஒரு கிழவரிடம் பழைய துவக்கு ஒன்றை முறைப்படி வாங்கிக்கொண்டு வந்தாள். துவக்கு என்றால் எங்கள் பேச்சில் துப்பாக்கி. ஒவ்வொரு குண்டுக்கும் பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்டுகிற வகை அது. அதற்கென்று ஓர் இரும்பு அலுமாரியும் வந்தது. எங்கள் ஒரே மகள் படிப்புக்காகக் கோபன்ஹேகன் போனபிறகு மாடியில் அவளுடைய அறை சும்மா கிடந்தது. அங்கே அலுமாரியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கினார்கள். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். துவக்குப் பிடித்தவனைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடக்கப் பழகிய ஆள். அந்தச் சாமான் கண்ணில் படாத இடம் வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்து ஹோர்சன்ஸ் குளிருக்குள் கிடக்கிறேன். இப்போது அது என் தலைக்கு மேலே, என் சொந்த வீட்டு மாடியில்.

"இந்த வீட்டில ஒண்டில் துவக்கு இருக்கவேணும், இல்லாட்டி நான் இருக்கவேணும். எதெண்டு நீரே சொல்லும்," என்றேன்.

அவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பியும் பார்க்காமல், "யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் படுக்கப் போனாள். கிழமைகள் ஓடின. "சாப்பாடு மேசையில", "கார்த் திறப்பு எங்க" என்ற அளவில் பேச்சு நடந்தது. நான் ஹோர்சன்ஸில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கப் போய் வந்தேன். அவள் வைலேக்குப் போய் வந்தாள். என் கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை. திருப்பிக் கேட்கலாம்தான். கேட்டால் பதிலைச் சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே கவலை இதுதான். இவ்வளவு காலம் கூட இருந்தவள், ஒரு மரப்பிடி இரும்புக்காக என்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவாளா, மாட்டாளா.

இதற்கிடையில் நவராத்திரி வந்தது. சண்டை என்றாலும் பூசைக்கு விடுமுறை இல்லை. ஒன்பதாம் நாள் சாமித்தட்டுக்கு முன்னால் நான் என் கருவிப் பெட்டியையும் கார்த் திறப்பையும், அதுதான் சாவியையும், வைத்தேன். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, பட்டுத்துணி விரித்து, துவக்கைக் கிடத்தினாள். குண்டு போகும் பாகத்தைக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் கொண்டுவந்திருந்தாள். இருந்தாலும் நான் ஓரடி பின்னால் போனேன்.

"உது தொழில் செய்யிற சாமானோ? உதுக்கேன் பூசை?" என்றேன்.

"பூசையின்ர பேர் என்ன?"

"ஆயுத பூசை."

"பிறகென்ன. இவ்வளவு காலமும் குறட்டுக்கும் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைச்சனாங்கள். இப்பதான் வீட்டில உண்மையா ஒரு ஆயுதம் இருக்கு."

அவள் சந்தனத்தைக் குழைத்து, பெருவிரலால் துவக்கின் முதுகில் மூன்று இடத்தில் வைத்து, நடுவில் குங்குமமும் இட்டாள். பக்கத்தில் தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சங்காய் ஒன்றை வைத்தாள். மகளுக்கு அனுப்புவதற்காக நான் மேலே நின்று ஒரு படம் எடுத்தேன். மகள் டேனிஷில் இரண்டு சொல் எழுதி, ஏழெட்டுச் சிரிப்பு முகங்களையும் போட்டு அனுப்பினாள். அம்மாவின் பக்கம்தான் அவள். அது எனக்கு முதலே தெரியும்.

பிறகு ஒருநாள் மனைவி தன் தோழியோடு தொலைபேசியில் கதைப்பது கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, படியில் இருந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நவம்பரில் ஒரு சனிக்கிழமை தோழியின் காட்டுக்கு வேட்டைக்குப் போவதாக ஏற்பாடு. தொலைநோக்கி மலிவு விற்பனையில் வாங்கிவிட்டாள். அதைத் துவக்கில் பூட்டுவதற்கு ஸ்கின்னே இன்னும் வாங்கவில்லை, எதை வாங்குவது என்றும் தெரியவில்லை என்றாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சமாதானம் கேட்பது எனக்கு வராது. அந்த ஸ்கின்னேயை நான் வாங்கி மேசையில் வைத்தால் அவளுக்கு விளங்காதா? ஒரு இரும்புத்துண்டு வாங்குவதற்கு என்ன பெரிய வித்தை வேண்டும் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்படித்தான்.

ஸ்கின்னே என்பது ஒரு பட்டை. விரல் அகலம், ஒரு சாணுக்குக் குறைந்த நீளம். துவக்கின் முதுகில் திருகாணிகளால் அதை இறுக்க வேண்டும். அதன்மேல் வளையங்களைப் பூட்டி, வளையங்களுக்குள் தொலைநோக்கியைக் கிடத்த வேண்டும். இவ்வளவுதான். இந்த இவ்வளவுக்கு இணையத்தில் இருக்கிற சண்டையைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருவன் ஒரே நீளப் பட்டைதான் உறுதி என்கிறான். அடுத்தவன் முன்னுக்கொன்று பின்னுக்கொன்றாக இரண்டு துண்டுதான் நல்லது என்கிறான். அலுமினியம் போதும் என்று ஒருவன், உருக்கு இல்லாவிட்டால் குப்பையில் போடு என்று இன்னொருவன். மேலே பல்லுப் பல்லாக வெட்டியிருப்பதிலும் இரண்டு சாதியாம். ஒன்றின் வளையம் மற்றதில் பொருந்தினாலும் பொருந்துமாம், பொருந்தாமலும் போகுமாம். சரிவாக ஒரு பட்டை உண்டாம், தூரத்துக்குச் சுடுகிறவர்களுக்கு. என் மனைவி எவ்வளவு தூரத்துக்குச் சுடுவாள்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது எனக்கு.

துவக்கையே பார்த்து அளந்துவிட்டால் முடிந்தது என்பீர்கள். அதுதான் முடியாது. இந்த நாட்டுச் சட்டப்படி அனுமதி உள்ள ஆள் மட்டுமே அலுமாரியைத் திறக்கலாம். புருஷன் என்றாலும் அதைத் திறக்கும் எண் தெரியக் கூடாது. என் மனைவி போன்ற சட்டம் பார்க்கிற ஆளை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஆளில்லாத தெருவிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பாள். ஆகவே கையில் இருந்தது பூசையன்று எடுத்த அந்தப் படம் மட்டும்தான். அதைக் கொண்டு வைலேயில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன்.

கடைக்காரன் தாடி வைத்த, அவசரமில்லாத மனிதன். மனைவியின் துவக்குக்கு ஸ்கின்னே வேண்டும் என்றேன். நல்லது என்றான். துவக்கு எந்தக் கம்பனி என்றான். தெரியாது. குண்டு என்ன அளவு? தெரியாது. தொலைநோக்கியின் குழாய் எவ்வளவு பருமன்? மலிவு விற்பனையில் வாங்கியது என்று மட்டும் தெரியும். குண்டுகளை மேலாலே ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அமுக்குவாளா, இல்லை கீழே கழற்றிப் பூட்டும் பெட்டி இருக்கிறதா?

"தெரியாது," என்றேன்.

"வலது கையா, இடது கையா?"

"வலது," என்று துள்ளிக்கொண்டு சொன்னேன். சோற்றை அந்தக் கையால்தானே சாப்பிடுகிறாள்.

"எந்தக் கண்ணால் குறி பார்ப்பாள்?"

எனக்குக் கோபம் வந்தது. பொலிஸ்காரன் கூட மனைவியைப் பற்றி இவ்வளவு விசாரிக்கமாட்டான். ஆனால் அவன் மரியாதையாகத்தான் கேட்டான், தொலைநோக்கி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பார்க்க. கண்ணாடி போட்டுக்கொண்டு சுடுவாளா, கன்னத்தைப் பிடியில் எங்கே வைப்பாள் என்றும் கேட்டான். நான் முழிசிக்கொண்டு நின்றேன். அவளையே கூட்டிக்கொண்டு வந்தால் சுலபம் அல்லவா என்றான். ஆச்சரியப்படுத்தப் போகிறேன் என்றேன். பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்ல முடியுமா?

கடைசியில் படத்தைக் காட்டினேன். அவன் கைபேசியை வாங்கி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"இந்த மஞ்சள் என்ன?"

"சந்தனம். கடவுளுக்கு."

"துவக்குக்கா?"

"துவக்குக்கும்."

டேனிஷ்காரர்கள் ஒன்று விளங்காவிட்டால் தொண்டைக்குள் ஒரு 'நோ' போடுவார்கள். அது மறுப்பு இல்லை, சும்மா ஒரு சத்தம். அதைப் போட்டான். பிறகு அளவு தெரிய வேண்டும், பக்கத்தில் இருக்கிற பச்சைப் பந்து என்ன என்றான். தேசிக்காய் என்றேன். எவ்வளவு பெரிது? சுப்பர்மார்க்கெட்டில் வலைப்பையில் விற்பார்களே, அது. அவன் கடைக்குப் பின்னால் போய், யாரோ பிழிந்து குடிக்க வைத்திருந்த ஒரு தேசிக்காயைக் கொண்டுவந்து, அளவுகோலை வைத்து அளந்து, படத்தில் துவக்கின் முதுகு எத்தனை தேசிக்காய் நீளம் என்று கணக்குப் போட்டான். என் வாழ்க்கையில் அவ்வளவு பொறுமையான வியாபாரியைக் கண்டதில்லை.

"முன்பக்கம் இரண்டு துளை," என்றான். "பின்பக்கம் ஒன்றுதான். அப்படியென்றால் இது பழைய வகை. அதற்கு ஒன்று என்னிடம் இருக்கிறது."

ஒரே நீளப் பட்டை. கறுப்பு. நானும் படத்தைப் பார்த்து எண்ணினேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அவன் சொன்னது சரிதான். சரிவரவில்லை என்றால் கீறல் படாமல் கொண்டுவரச் சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு குழப்பத்துக்குள்ளும் ஒரு உறுதியான விஷயம் கிடைத்துவிட்டதே. வீட்டுக்கு வந்து பொதியை அவளுடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தொலைக்காட்சி பார்க்கிற மாதிரி இருந்தேன்.

வேலை முடிந்து வந்தவள் பொதியைப் பிரித்தாள். என்னைப் பார்த்தாள். நான் செய்தியைப் பார்த்தேன். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. சாமியே, பொருந்திவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பி இறங்கி வந்தபோது பட்டை அவள் கையிலேயே இருந்தது.

"இது பொருந்தாது. துவக்கில பின்னுக்கு ரெண்டு ஓட்டை இருக்கு. இதில ஒண்டுதான்."

"ஒண்டுதான் இருக்கு," என்றேன். "நானும் எண்ணினனான். கடைக்காரனும் எண்ணினவன்."

"நீங்கள் எங்க பாத்தனீங்கள்? அலுமாரியைத் திறந்தனீங்களோ?" என்றவளின் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, இல்லை. படத்தில பாத்தது," என்று கைபேசியை நீட்டினேன்.

அவள் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணால் தண்ணீர் வந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னப்பா, என்னப்பா என்று கேட்கிறேன், அவளால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் படத்தில் பின்பக்கத்துச் சந்தனப் பொட்டை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அதுக்குக் கீழதான் மற்ற ஓட்டை. நான்தான் பொட்டு வைச்சு மூடிப்போட்டன்."

எனக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. கிழமைக் கணக்கில் செத்த வீடு மாதிரிக் கிடந்த குசினியில் இரண்டு கிழடுகள் இருந்து சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, சோற்றைப் போட்டுவிட்டு, வழக்கம்போல மகளின் அறைக்குப் படுக்கப் போனாள். எனக்குத் திரும்பவும் ஒன்றும் விளங்காமல் போனது.

அடுத்த நாள் இரண்டு பேரும் பட்டையை மாற்றப் போனோம். கடைக்காரன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் டேனிஷில் பட்டுப் பட்டென்று பதில் சொன்னாள். கம்பனிப் பெயர், குண்டின் அளவு, குழாயின் பருமன் எல்லாம் விரல்நுனியில். இடது கண்ணால் குறி பார்ப்பாளாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலது கையும் இடது கண்ணும் என்றால் பழகுவது கஷ்டம் என்று கடைக்காரன் சொல்ல, பழகிவிட்டேன் என்றாள். ஒரே நீளப் பட்டையைப் போட்டால் குண்டை மேலாலே அமுக்கும்போது பெருவிரலுக்கு இடம் போதாது, ஆகவே இரண்டு துண்டு வகைதான் வேண்டும் என்றாள். உருக்கில் கேட்டாள். இணையத்தில் நான் கண்ட அத்தனை சண்டையையும் அவள் ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிட்டாள். நான் தொப்பிகள் தொங்குகிற பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்று பார்த்தபோது அவள் யாரோ ஒரு பெண் போல இருந்தாள். கெட்டிக்காரியான, எனக்கு அறிமுகமில்லாத ஒரு பெண்.

திரும்பி வரும்போது காரில் கேட்டுவிட்டேன். இதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் கேட்டதுக்கு நீர் இன்னும் பதில் சொல்லேல்லை."

"எதுக்கு?"

"துவக்கோ நானோ எண்டு."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலையில பெல் அடிக்க அடிக்க ஓடுறன். ஒராளைத் தூக்கி இருத்த, மற்றவ கூப்பிடுறா. அவவுக்குச் சாப்பாடு தீத்த, அடுத்தவர் கூப்பிடுறார். வீட்டை வந்தால் நீங்கள்தான் பெல். சேட்டு எங்க, திறப்பு எங்க, மருந்து எங்க. காட்டுக்குள்ள மரத்தில கட்டின பரணில ஏறி இருந்தால் ஒருத்தரும் என்னைக் கூப்பிடமாட்டினம். மான் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி. எனக்கு அவ்வளவுதான். இதுக்குள்ள நீங்களோ துவக்கோ எண்டு என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குச் சுருக்கென்று குத்தியது. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. முன்னால் போன லொறியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவளுக்கு நான் பெல். இவ்வளவு காலமும் நான் என்னைப் புருஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நானும் ஒருநாள் வரட்டே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"வந்து?"

"சும்மா இருப்பன்."

"உங்களால சும்மா இருக்கேலாது."

"இருப்பன். வாயே திறக்கமாட்டன்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"அப்ப தேத்தண்ணியும் நீங்கள்தான் ஊத்திக்கொண்டு வரவேணும். நான் எழும்பி ஊத்தமாட்டன்."

"ஓம்," என்றேன்.

அந்தக் கிழமையே உருக்குத் துண்டுகள் இரண்டையும் அவளே திருகி இறுக்கி, தொலைநோக்கியைப் பூட்டி, சுடுதளத்துக்குப் போய்க் குறியைச் சரிபார்த்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமை விடியமுன் எழும்பினேன். மாடியில் அவள் நடமாடும் சத்தம் கேட்டது. குசினியில் விளக்கைப் போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்து, பிளாஸ்கைக் கழுவினேன். தேயிலை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று தட்டுக் கதவு திறக்க வேண்டியிருந்தது. சாயம் நன்றாகத்தான் இறங்கியது. பாலும் விட்டேன். சீனிப் பேணியைத் திறந்து கரண்டியால் அள்ளியபிறகு கை நின்றுவிட்டது. ஒன்றா, இரண்டா? எனக்கு இரண்டரை, தலை தட்டி. அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு எவ்வளவு?

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவள் தேத்தண்ணீர் குடிப்பதைத் தினமும் பார்க்கிறேன். இடது கையால் கோப்பையைப் பிடிப்பாள், அது ஞாபகம் இருக்கிறது. சீனி போடுகிற கை மட்டும் நினைவில் இல்லை. கேட்கக் கூடாது, இன்றைக்காவது ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரம் கரண்டியோடு நின்றேன். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் படியடிக்குப் போனேன்.

"இஞ்சாரும்," என்றேன், மெதுவாக. "உமக்கு எத்தினை கரண்டி சீனி?"

மேலே இரும்பு அலுமாரியின் கதவு சாத்துப்பட்டது.

"நான் சீனியை விட்டுக் கனகாலமப்பா," என்றாள்.

குசினிக்குத் திரும்பி வந்து, அள்ளியதைப் பேணிக்குள்ளேயே கொட்டினேன்.